பன்னிரண்டு டப்பாவும் ஐந்து வேகனும்

மும்பையில் வளரும் பிள்ளையிடம் நாலு டப்பா, அதாவது நாலு பெட்டி, லோக்கல் ரயிலைக் காட்டக் கூடாது. எண்ணிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் செய்தான். என் ஹாலில் அப்போது எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்று மரக் கால்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் நீள்வட்டமாக ஒரு பாதை, பாதையில் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு மாடல் லோக்கல். கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன், "அங்கிள், பாக்கி எட்டு டப்பா எங்க?" என்று கேட்டான். அவன் அம்மா "சும்மா இருடா" என்று அதட்டினார். எல்லோரும் சிரித்தோம், டீ குடித்தோம், அவர்கள் கிளம்பிப் போனார்கள். கேள்வி மட்டும் கிளம்பவில்லை.

வேறு ஊராக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. இங்கே லோக்கலில் போகிறவனுக்கு வண்டியின் நீளம் தினசரிக் கணக்கு. பிளாட்பாரத்துப் பலகையில் போகிற இடத்தோடு சேர்த்து 12 என்றோ 15 என்றோ போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் நாலு எட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்து நிற்பார்கள். லேடீஸ் டப்பா எந்தத் தூணுக்கு நேரே வரும், தாதரில் இறங்கியதும் படி ஏற எந்தக் கதவு வசதி, இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கால் செய்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் நாலு டப்பா லோக்கல் என்பது சின்ன லோக்கல் இல்லை. லோக்கலே இல்லை.

இதற்கென்று இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: சுருக்கு. நூறு வேகன் சரக்கு ரயிலை அமெரிக்காவில் இருபது வேகனில் காட்டுகிறார்கள். பெரிய ஸ்டேஷனுக்கு முகப்பை மட்டும் கட்டிப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுகிறார்கள். கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது சித்தாந்தம். நானும் ஒத்துக்கொள்கிறவன்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். என் மாடலின் அளவில், 87இல் ஒன்றாகக் குறைத்தாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் வரும். யார் வீட்டில் கட்ட முடியும்? ஒரு பாலம், ஒரு குகை, நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் தெரிகிற ஒரு ஏற்றம் போதும், நீலகிரி வந்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் மலையை யாரும் அளப்பதில்லை, டப்பாவை எண்ணுகிறார்கள். எண்ணக் கூடியதைச் சுருக்கினால் கண் எதையும் நிரப்பாது, கழித்துத்தான் பார்க்கும். பையன் எட்டு என்று சொன்னதே ஒரு கழித்தல் கணக்கு.

டேப்பை வைத்து அளந்தால்

சரி, பன்னிரண்டையும் ஓட்டிவிடலாமா என்று ஹாலில் டேப்பை நீட்டிப் பார்த்தேன். லோக்கல் பெட்டி ஒன்று ஏறக்குறைய 21 மீட்டர். பன்னிரண்டு சேர்ந்தால் 252. ஹெச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒன்றாக, 2 மீட்டர் 90 சென்டிமீட்டர். எங்கள் ஹாலின் நீளம் பதினோரு அடி, 3 மீட்டர் 35. ஆக வண்டி ஹாலுக்குள் நிற்கும். நிற்க மட்டும்தான் செய்யும். நகர வேண்டுமென்றால் பெட்ரூம் சுவரை உடைக்க வேண்டும்.

வளைவு அதைவிட மோசம். நம் அகலப்பாதையில் அனுமதிக்கிற மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர் ஆரம். ஹெச்.ஓ.வில் அது 2 மீட்டர். ஒரு அரைவட்டம் போட்டு வண்டியைத் திருப்ப நாலு மீட்டர் அகலம் வேண்டும். பெட்டியில் போட்டு விற்கிற செட்களில் வருகிற வழக்கமான வளைவு 18 அங்குல ஆரம். பெருக்கிப் பார்த்தால் நிஜத்தில் 40 மீட்டர். லோக்கல் அதில் திரும்பும்போது பெட்டியின் மூலை ஒருபக்கமும் வயிறு மறுபக்கமுமாகப் பிதுங்கிக்கொண்டு போகும். அதையும் எத்தனையோ நாள் பார்த்துச் சகித்துக்கொண்டிருந்தேன்.

"சின்ன அளவுக்குப் போயிடேன்" என்றார் டோம்பிவிலியில் இருக்கும் நண்பர். அவர் ஓட்டுவது 'N' என்கிற ஸ்கேல், 160இல் ஒன்று. அதில் பன்னிரண்டு டப்பா 1 மீட்டர் 57தான். உண்மை. ஆனால் அந்த நீளத்துக்கு ஒரு பிளாட்பாரம், இரண்டு பக்கமும் வளைவு என்று போட்டால் மொத்தச் சுற்று ஐந்து மீட்டர் சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கை வண்டியே அடைத்துக்கொள்ளும். புறப்பட்ட ஸ்டேஷனை விட்டுக் கடைசி டப்பா வெளியேறிக் கொஞ்ச நேரத்தில் முதல் டப்பா அதே ஸ்டேஷனுக்குள் நுழையும். இன்னொருவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னார். மும்பையில் நாலு டப்பா வண்டி நிஜமாகவே இருக்கிறதே, வெர்சோவா–காட்கோபர் மெட்ரோ, அதைச் செய்யலாமே என்றார். எல்லாவிதத்திலும் சரியான யோசனை. தண்டவாள அகலம்கூட அப்படியே பொருந்தும் (அதற்குப் பிறகு வருகிறேன்). ஆனால் மெட்ரோவில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துபோவதைத் தவிர வண்டிக்கு வேலை ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் எனக்கு அலுத்துவிடும் என்று தெரிந்தது.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட ஆரம்பித்தது. இடம் போதாது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்குள்ள இடத்தில் எது முழுசாக அடங்கும் என்று தேடவே இல்லை. பெரிய ரயில்வேயைச் சின்னதாக்குவது ஒரு வழி. ரயில்வேயிலேயே சின்னதாக இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி.

தாருக்குள் கிடந்த தண்டவாளம்

அது தற்செயலாகக் கிடைத்தது. ஆபீஸ் வேலையாக ரே ரோடு, காட்டன் கிரீன் பக்கம் ஒரு பழைய கோடவுனைப் பார்க்கப் போயிருந்தேன். ஹார்பர் லைனில் அந்த ஸ்டேஷன்களைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், இறங்குகிறவர்கள் குறைவு. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து கிழக்கே நடந்தால் சட்டென்று வேறு மும்பை. உயரமில்லாத கல் கட்டடங்கள், லாரிகள், எங்கு பார்த்தாலும் தூசி. கோடவுன் வாசலில் சாவிக்காரருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது காலடியில் கவனித்தேன். சாலைத் தாருக்குள் இரண்டு இரும்புக் கோடுகள். தண்டவாளம். மேல் தலை மட்டும் தெரிகிறது, நடுவில் தாரும் கல்லும் நிரம்பியிருக்கின்றன. ஒன்றின் மேல் ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது. தண்டவாளம் சாலையைக் குறுக்கே கடந்து, கோடவுனின் உயர்ந்த கல் மேடையை ஒட்டிப் போய், ஒரு சுவரில் முட்டி முடிந்துவிட்டது.

போர்ட் டிரஸ்ட் ரயில்வேயின் மிச்சம் அது. துறைமுகத்துக்கென்றே 1915இல் திறந்த தனி ரயில்வே. கப்பலிலிருந்து இறங்கியதையும் கப்பலில் ஏற வேண்டியதையும் கோடவுன் கோடவுனாகப் பிரித்துக் கொடுத்து, வடாலாவில் பெரிய ரயில்வேயிடம் ஒப்படைத்தது. கொலாபாவில் இருந்த பஞ்சு வியாபாரத்தைச் சிவ்ரிக்குக் கொண்டுவந்தபோது பஞ்சுக் கிடங்குகளுக்கும் அதிலிருந்துதான் கிளை போனது. காட்டன் கிரீன் என்ற பெயரே அந்த வியாபாரத்தோடு இடம்பெயர்ந்து வந்ததுதான்.

சாவிக்காரர் வருவதற்குள் அந்தத் தண்டவாளத்தின் மேலேயே நடந்தேன். சாலை ஓரத்திலிருந்து சுவர் வரை என் நடைக்கு ஐம்பது எட்டு. முப்பத்தேழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயே போனில் 87ஆல் வகுத்தேன். 43 சென்டிமீட்டர்.

அந்த எண்ணைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, சாவிக்காரர் வந்து தோளைத் தட்டினார். 43 சென்டிமீட்டர். இது என் ஷூ ராக் அகலம்கூட இல்லை. எதையும் சுருக்கவில்லை, வெட்டவில்லை, முகப்பைக் கட்டிப் பின்பக்கத்தை மறைக்கவில்லை. நிஜம் அவ்வளவுதான் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து நாலு சக்கர வேகன் ஐந்து நிற்கும், ஆறாவதுக்கு இடம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனே வந்து எண்ணினாலும் ஐந்துதான் வரும், ஐந்துதான் வர வேண்டும்.

புதைத்த தண்டவாளத்தில் இன்னொரு லாபமும் இருந்தது. இது மாடல் ரயில் பழகியவர்களுக்கு உடனே புரியும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3. ஆனால் கடையில் கிடைக்கிற ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கானது. (மும்பை மெட்ரோவும் 1435தான். அந்த மெட்ரோ யோசனை எல்லாவிதத்திலும் சரி என்று சொன்னது இதனால்.) கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறைவு என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தியப் பெட்டியை அதில் நிறுத்திப் பார்த்தால் அகலமான ஆள் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். தண்டவாளத்தை நாமே 19.3இல் போடலாம். போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். சக்கரம், அச்சு, பாயிண்ட் (வண்டியைத் தடம் மாற்றும் பாகம்) எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். எனக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. சாலைக்குள் புதைந்த பாதையில் ஸ்லீப்பர், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை, தெரியாது. ஸ்லீப்பர் தெரியாவிட்டால் தண்டவாளத்தின் குறுகலைக் கண் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. குறை போகவில்லை, ஆனால் துருத்திக்கொண்டு நிற்பது நின்றுவிட்டது.

5, 3, 3

பலகை போனது. எட்டுக்கு நாலைத் தச்சரிடம் கொடுத்து அறுத்து, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றேகால் அடியில் ஒரு அலமாரித் தட்டாக்கினேன். ஹாலிலிருந்து பெட்ரூமுக்குப் போகிற நடையில், தலைக்கு இடிக்காத உயரத்தில் சுவரோடு பொருத்தியாயிற்று. அறுத்ததில் மிஞ்சியது சமையலறை லாஃப்டுக்குக் கதவானது. வீட்டில் இந்தப் பொழுதுபோக்கினால் விளைந்த முதல் நன்மை என்று என் மனைவி இன்றும் அதைத்தான் காட்டுவாள்.

பாதைத் திட்டம் நான் யோசித்தது இல்லை. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் போட்ட பழைய திட்டம், இங்கிள்நூக் என்பார்கள். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. என்ஜின் முன்னும் பின்னும் போய்வர விட்டிருக்கும் பாதையில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் அடங்கும். மொத்தம் எட்டு வேகன். அதில் குலுக்கி எடுத்த ஐந்தை, எடுத்த வரிசையிலேயே, நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். எட்டிலிருந்து ஐந்தை வரிசை மாறாமல் எடுக்க 6720 வழி உண்டு. என் வேகன் கப்ளிங்கோடு (வேகன்களைக் கோக்கும் கொக்கி) எட்டரை சென்டிமீட்டர், என்ஜின் பன்னிரண்டு, பாயிண்ட் ஒவ்வொன்றும் பதினெட்டரை. எல்லாம் கூட்டினால் 1 மீட்டர் 20க்குள் முடிந்துவிடுகிறது. மிச்சம் முப்பது சென்டிமீட்டரில் ஒரு கேட்டும் ஒரு டீக்கடையும்.

காலத்தையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1970களின் கடைசி என்று வைத்தேன். காரணம் நிறமோ ஏக்கமோ இல்லை, வேகன். 1980களில் இந்திய ரயில்வே தனித்தனி வேகனாகச் சரக்கு பிடிப்பதைக் குறைத்து, ஒரே சரக்கு, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, முழு ரேக்காகத்தான் ஓட்டுவது என்ற வழிக்குத் திரும்பியது. அவர்கள் கணக்கில் அது சரிதான். ஒரு வேகன் யார்டு யார்டாகக் காத்துக் கிடந்து போய்ச் சேர்வதைவிட முழு வண்டி நேரே போவது லாபம். ஆனால் அதோடு ஷண்டிங், அதாவது வேகன்களைப் பிரித்து வரிசை மாற்றிக் கோக்கிற கலை, மெல்லத் தேய்ந்தது. யார்டுகள் ஒவ்வொன்றாக மூடின, நாலு சக்கர வேகனுக்கு வேலை போயிற்று. எனக்கு வேண்டியது அந்த வேலைதான்.

டோம்பிவிலி நண்பர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரயில்னா ஓடணும்யா. இது என்ன, மூணடி முன்னால, ரெண்டடி பின்னால?" அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆபீஸிலிருந்து களைத்து வந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சுற்றுகிற வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் என் தட்டில் கிடைக்காது. இதில் வண்டி தானாக ஒன்றும் செய்யாது. நாம் யோசித்தால்தான் நகரும்.

மெதுவாக ஓடுவது என்பது

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஹெச்.ஓ.வில் நொடிக்கு 32 சென்டிமீட்டர். என் ஹாலைப் பத்துப் பதினோரு நொடியில் கடந்துவிடும். பழைய வட்டப்பாதையில் எவ்வளவு கட்டினாலும் போதவில்லை என்று தோன்றியதற்கு அதுதான் காரணம். ஷண்டிங்கில் உச்சவரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர். மாடலில் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கீழே. ஒன்றரை மீட்டர் தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க அரை நிமிடம். ஒரு முழு ஷண்டிங்கை முடிக்க இருபது நிமிடத்துக்குக் குறையாது. வண்டியின் வேகம் குறைந்ததும் தட்டு நீண்டுவிட்டது. பதினோரு அடி ஹாலில் கிடைக்காத தூரம் ஐந்தடியில் கிடைத்தது.

ஆனால் மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடப் பல மடங்கு கஷ்டம். இதை நான் வட்டப்பாதையில் கற்றிருக்க வழியே இல்லை. பாயிண்டில் இரண்டு தண்டவாளமும் குறுக்கிடும் கிராசிங் பாகம் சில தயாரிப்புகளில் பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் கிடையாது. எட்டுச் சக்கர என்ஜின் வேகமாக வந்தால் அந்த இடைவெளியை ஒரே வீச்சில் தாண்டிவிடும், யாருக்கும் தெரியாது. மூன்று அச்சு ஷண்டிங் என்ஜின் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டரில் ஊர்ந்து வந்தால் நட்டநடுவில் உயிரை விட்டுவிடும். விரலால் தள்ள வேண்டும். விரல் தெரிந்தால் எல்லாம் போயிற்று. கிராசிங்கும் உலோகமாக இருக்கிற பாயிண்ட்தான் தீர்வு. ஆனால் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்பக் கிராசிங்கின் மின்முனையும் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட்.

இந்த இடத்தில் மனைவி உள்ளே வந்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். அதுவரை ரயில் பக்கமே எட்டிப் பார்க்காதவள், நான் சால்டர் வைத்த லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் அயர்னைப் பிடுங்கிக்கொண்டாள். "இது ஜாயிண்ட்டாங்க? கோந்து ஒட்டின மாதிரி இருக்கு." லேமிங்டன் ரோடில் ஒன்பது கிராம் சர்வோ (குட்டி மோட்டார்) இரண்டு, மைக்ரோ ஸ்விட்ச் இரண்டு. லோஹார் சாலில் ஒயர். சர்வோ பாயிண்டைத் திருப்பும், திரும்பும்போதே ஸ்விட்சை அழுத்தும், ஸ்விட்ச் கிராசிங்கின் முனையை மாற்றும். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒயர் இறக்கினாள். தண்டவாளங்களை இணைக்கிற ஃபிஷ்பிளேட்டை மின்சாரத்துக்கு நம்பக் கூடாதாம். நம் ஊர் மழைக்காலக் காற்றில் நாலு மாதத்தில் அது கறுத்துவிடும் என்றாள். ஜூலையில் பார்த்தேன், கறுத்துத்தான் இருந்தது. வண்டி நிற்கவில்லை.

தண்டவாளத்தைப் புதைத்தது என் வேலை. நான் போட்ட தண்டவாளத்தின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சன்போர்டு அட்டையை வெட்டி ஒட்டினால் தண்டவாளத் தலை அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும். அந்த அரை மில்லிமீட்டர் முக்கியம், இல்லாவிட்டால் தண்டவாளத்தைத் துடைக்கும்போதெல்லாம் சாலையின் பெயிண்ட் உரிந்து வரும். சக்கரத்தின் விளிம்பு ஓட உட்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் சந்து. அதற்குக் குறைந்தால் சக்கரம் ஏறிவிடும், கூடினால் சாலை சாலையாகத் தெரியாது. பாயிண்டின் நகரும் நாக்குகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். கல் பதித்த கோடுகளைப் பழைய பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி அழுத்திக் கீறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சியின் ஆட்சேபம்

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். வள்ளியூர்ப் பக்கம். போர்ட் டிரஸ்ட் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் லிஃப்டில் "சாப்டாச்சா தம்பி" என்பதோடு சரி. தட்டு முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். புகழ்வார் என்று நின்றிருந்தேன். "கோடவுன் கதவு உள்பக்கமாத் தொறக்கும்லா, நீங்க வெளிய வச்சிருக்கீய" என்றார்.

அவருடைய பெரிய ஆட்சேபம் குலுக்கலைப் பற்றியது. எட்டுச் சீட்டில் ஐந்தை எடுத்து வரிசை போடுவதை விளக்கினேன். அவருக்கு அது ஒத்துவரவில்லை. "சீட்டுக் குலுக்கிப் போட்டா ஷண்டிங் செய்வாவ? ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டும் தம்பி. எவன் கதவுக்கு எது வரணுமோ அதுதான் வரிசை." பஞ்சு வேகன் முதல் கதவுக்கு நேரே நிற்க வேண்டும், ஏனென்றால் பேல், அதாவது பஞ்சுப் பொதி, ஒன்று 170 கிலோ, சுமை தூக்குகிற மாத்தாடிகள் அதை அதிக தூரம் உருட்ட மாட்டார்கள். தானிய வேகன் அடுத்த கதவு. காலி வேகன் எப்போதும் கடைசி, காலையில் என்ஜின் வந்ததும் முதலில் இழுத்துக்கொண்டு போவதற்கு. இலவச நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால் வியாபாரி டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்ட வேண்டும், அதனால் நேரம் முடியப்போகிற வேகனுக்காகக் குமாஸ்தா வந்து பாயிண்ட்ஸ்மேனிடம் கெஞ்சுவார். கெஞ்சல் எந்த உருவத்தில் வரும் என்று அண்ணாச்சி சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

குலுக்கலை எடுத்துவிட்டோம். இப்போது சின்னச் சின்ன அட்டைகள் இருக்கின்றன. அட்டையில் வேகன் எண், சரக்கு, எந்தக் கதவு, எத்தனை மணிக்குள். அட்டைகளை எழுதுவது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். டெமரேஜ் கணக்கும் அவளிடம்தான், மணிக்கு ஒரு ரூபாய் என்று நிஜமாகவே வசூலிக்கிறாள். கணிதப் புதிராக அந்தத் திட்டம் குறையே இல்லாதது, 6720 வழியும் சமம். ஆனால் எல்லா வரிசையும் சமம் என்று ஆனதும் எந்த வரிசைக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது. பஞ்சு முதல் கதவுக்குப் போயாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் அந்த வேகனைச் சுற்றி ஒரு ஊரே நிற்க ஆரம்பித்துவிட்டது. பேல்கள் செய்தேன். நாலடி நீளம் என்று அண்ணாச்சி கையை விரித்துக் காட்டினார், ஹெச்.ஓ.வில் 14 மில்லிமீட்டர். சாக்குத் துணிக்கு எந்தத் துணியைப் போட்டாலும் நெசவு பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் டிஷ்யூ பேப்பரை டீயில் நனைத்துச் சுற்றி, இரும்புப் பட்டைக்குக் கறுப்பு நூல் கட்டினேன். பத்து பேல் செய்தால் கண் பூத்துவிடும்.

அண்ணாச்சி வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிறார். கன்ட்ரோலரைத் தொடமாட்டார், அது டிரைவர் வேலையாம். தட்டின் ஓரத்தில் நின்று கையால் சைகை காட்டுவார், நான் ஓட்ட வேண்டும். கப்ளிங்கை விடுவிக்க மூங்கில் குச்சி அவரிடம். வேகன் மேல் வேகன் டக்கென்று இடித்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். எங்கள் லிஃப்ட் உறவில் இல்லாத அதிகாரம் அது.

தற்போதைய தகராறு பின்சுவரைப் பற்றியது. கோடவுன்களுக்குப் பின்னால் வானமும் சிவ்ரிச் சேறும் தெரிகிற மாதிரி மகள் வரைந்துகொண்டிருக்கிறாள். சிவ்ரி என்றால் ஃபிளமிங்கோ இல்லாமலா என்பது அவள் கட்சி, மனைவியும் அதே கட்சி. அவை பெருங்கூட்டமாக அங்கே வர ஆரம்பித்தது 1990களில்தான், நம் தட்டில் நடப்பது 1970கள் என்று நான் சொன்னேன். அண்ணாச்சியும் தன் காலத்தில் சிவப்புக் கொக்கு எதையும் பார்த்ததில்லை என்று சாட்சி சொன்னார். "அப்போ வருஷத்த மாத்துங்கப்பா" என்றாள். வருஷத்தை மாற்றினால் நாலு சக்கர வேகன் போய்விடும், வேகன் போனால் ஷண்டிங் போய்விடும், டெமரேஜும் போய்விடும் என்றேன். டெமரேஜ் என்றதும் யோசித்தாள். இப்போதைக்குக் காக்கைகள் வரைந்திருக்கிறாள்.